அம்மாவின் கையெழுத்தில் ஒரு பச்சை

கடவுள் துணை
பிப்ரவரி 9, திங்கள், காலை பதினொன்றே கால்

என் செல்லப் பாப்பாவுக்கு,

நேற்று உன் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: உன் மாமனார், உன் மாமியார், மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அக்கா, உன் அப்பா, நான், தட்டுகளை எடுக்க வந்த நீ. மொத்தம் ஏழு பேர். குனிந்தபோது உன் சட்டைக் கை மேலே ஏறியது. அதை முதலில் பார்த்தது மாப்பிள்ளையின் அக்கா.

"ஐயையோ, இது என்னடி அலங்கோலம்! கையில போய் எழுதி வச்சிருக்கே!" என்றாள். அடுத்து என்ன சண்டை வரப்போகிறதோ என்று நான் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். மாப்பிள்ளை சிரித்தார். "திட்டாதக்கா. முதல்ல எனக்கும் கோவம்தான். அப்புறம் படிச்சுப் பாத்தேன். கையை நீட்டும்மா, அக்கா படிக்கட்டும்" என்றார். நீ நீட்டினாய். அவரே வாய்விட்டுப் படித்தார். "படகு போய்விட்டது. அவள் விளக்கைத் துடைக்கப் போனாள்." படித்துவிட்டு, "போனது போயிடுச்சாம், அவ வேலையப் பாக்கக் கிளம்பிட்டாளாம். ஒரு குடும்பத்துக்கு இதைவிட என்ன வேணும்? சுவத்துல மாட்ட வேண்டியதைக் கையில மாட்டியிருக்கா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதையும் எழுதிவைக்கிறேன், விட்டுவிட்டால் கணக்கு நேராகாது.

உன் கை எவ்வளவு நேரம் நீட்டியபடியே இருந்தது என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு நிமிடம். ஒவ்வொருவரும் பார்த்து முடிக்கும்வரை நீ மடக்கவில்லை.

அப்பாவுக்குக் கண்புரை முற்றிவிட்டதால் ஒன்றும் தெரியவில்லை. பஸ்ஸில் வரும்போது, "பாப்பா கையில என்ன, மசி கொட்டிடுச்சா?" என்று இரண்டு தடவை கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

பாப்பா, உன்னைத் திட்டுவதற்காக எழுதவில்லை. பச்சை குத்துவது பாவமா புண்ணியமா என்று எனக்குத் தெரியாது. ஆண்டவன் அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். நான் கேட்க வந்தது வேறு. அந்த வரியில் மூன்று 'ள' வருகிறது. மூன்றுக்கும் வால் கீழே நீண்டு தொங்குகிறது. பள்ளிக்கூடத்தில் ஒழுங்காகப் படித்தவர்கள் அப்படி எழுத மாட்டார்கள். மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்டு, கடையில் பொட்டலம் கட்டி வந்த தாளைப் பார்த்துப் பார்த்து எழுதப் பழகிய ஒருத்திதான் அப்படி எழுதுவாள். என் கையெழுத்து உன் கைக்கு எப்படிப் போனது? எப்போது? வலித்ததா? ஏன் அந்த வரி?

போனில் கேட்க முடியாது. பிரிட்ஜ்மேல் போனை வைத்து ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு நீ பேசுவதும், பக்கத்தில் சம்பந்தியம்மா இருமுவதும் எனக்குத் தெரியாதா? அதனால் நீ என் பைக்குள் சொருகிவிட்ட தையல்கடை முகவரிக்கு எழுதுகிறேன். மெலிந்துவிட்டாய். நேற்று நீ நின்றுகொண்டே சாப்பிட்டாய், அதுவும் எல்லோரும் முடித்த பிறகு.

ஒன்றையும் மறைக்காமல் எழுது.

உன் அம்மா

*

பிப்ரவரி 15, ஞாயிறு

அன்பு அம்மாவுக்கு,

தையல்கடையின் பின்னறையில், துணி வெட்டுகிற மேசைமேல் வைத்து எழுதுகிறேன். தையல்காரம்மா பக்கத்தில் காஜா எடுத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு நாற்பது நிமிடம் இருக்கிறது. அதற்குமேல் ஆனால் போன் வரும். கோபமாக வராது, "வழியில எதாவது ஆயிடுச்சோன்னு பயந்துட்டோம்" என்று வரும். அதற்குப் பதில் சொல்லத்தான் முடியாது.

நீ கேட்ட வரிசையிலேயே சொல்கிறேன். நவம்பர் கடைசியில் குத்திக்கொண்டேன். பல் டாக்டரிடம் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். வலித்தது, ஆனால் தையல் மெஷின் மாதிரி ஒரே சீரான சத்தம், அதைக் கேட்டுக்கொண்டிருந்தால் வலி கொஞ்சம் தள்ளி நிற்கிறது. ஆறும்போதுதான் தொல்லை. அப்படி ஒரு அரிப்பு. சொறியவும் கூடாது.

கையெழுத்து உன்னுடையதுதான். என் சின்ன வயதில் நீ நூலகத்திலிருந்து எடுத்துவந்து, நம்மிடமே இருக்க வேண்டும் என்று மூன்று நீள நோட்டில் பார்த்துப் பார்த்து எழுதினாயே, அந்தக் கலங்கரை விளக்கக் கதை, அதன் மூன்றாவது நோட்டைக் கல்யாணத்தன்று பெட்டியின் அடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தேன். அந்த நோட்டையே டாட்டூ கடைக்கு எடுத்துப் போனேன். கடைசி வரியை அப்படியே படியெடுத்துத் தோலில் ஒட்டி, அதன்மேல் ஊசியை ஓட்டினாள் அந்தப் பெண்.

அவளுக்கு என் வயதுதான் இருக்கும். வருகிறவர்கள் குத்திக்கொண்டதையெல்லாம் படம் பிடித்து ஒரு ஆல்பத்தில் வைத்திருக்கிறாள். பாதிக்குப் பாதி புத்தகத்திலிருந்து வந்தவை அம்மா! ஒரு நர்ஸ் தன் கணுக்காலில் ஓர் ஆமையைக் குத்திக்கொண்டிருக்கிறாள், சின்ன வயதில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது யாரோ படித்துக் காட்டிய கதையில் வருகிற ஆமையாம். ஒரு லாரி டிரைவர் இறந்துபோன தம்பிக்குப் பிடித்த படக்கதையில் வரும் நொண்டி நாயை மார்பில் வைத்திருக்கிறார். ரிட்டையரான ஒரு தபால்காரர் தனக்குப் பிடித்த நாவலின் முதல் வரியை முதுகில் எழுதச் சொன்னாராம். "முதுகுல எழுதினா நீங்க எப்படி சார் படிப்பீங்க?" என்று இவள் கேட்டிருக்கிறாள். "எனக்குத்தான் மனப்பாடமாச்சேம்மா. மத்தவங்க படிக்கட்டும்" என்றாராம்.

என்னிடமும் கேட்டாள். "இது சந்தோஷமான வரியாக்கா, சோகமான வரியா?" "எங்கம்மா எழுதி வச்சது" என்று மட்டும் சொன்னேன்.

ஏன் என்றால், அன்றைக்குத்தான் எனக்கு வேலை இல்லை என்று ஆனது. கல்யாணத்துக்கு முன்னால் நான் வேலை பார்த்த ரத்தப் பரிசோதனைக் கூடத்துப் பெரிய மேடம் நவம்பரில் என்னைத் திரும்பக் கூப்பிட்டிருந்தார். இவரிடம் சொன்னேன். இவர் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "உன் இஷ்டம்தான். அம்மாவுக்கு மூட்டு வலி, அதை மட்டும் யோசிச்சுக்கோ" என்றார். யோசித்தேன். பத்து நாள் யோசித்ததில் வேறொருவரை எடுத்துவிட்டார்கள். அழுதால் ஏன் அழுகிறாய் என்பார்கள். அந்த நாவலில் விளக்குக்காரன் மனைவி எப்படி இருந்தாள்? பதினைந்து நாளுக்கு ஒரு படகு வரும். ஒவ்வொரு தடவையும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு துறைவரைக்கும் போவாள். கடைசியில் படகு போய்விடுகிறது, அவள் அழவில்லை, விளக்கைத் துடைக்கப் போகிறாள். பன்னிரண்டு வயதில் அதைப் படித்தபோதே எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தத் தைரியம் என் கையிலேயே இருக்கட்டும் என்றுதான் குத்திக்கொண்டேன். காய் நறுக்கும்போது, துணி மடிக்கும்போது, கேட் சாவியை அத்தையிடம் கேட்டு நிற்கும்போது, அதைப் பார்த்துக்கொள்வேன்.

இப்போது இன்னொன்று. பெரிய மேடம் வேறொரு ஊரில் புதுக் கூடம் திறக்கிறார். ரயிலில் பத்து மணி நேரம். கூடத்துக்கு மேலேயே ஓர் அறை தருகிறாராம். மார்ச் பத்தாம் தேதிக்குள் பதிலைத் தபாலில் போட வேண்டும் என்று இதே தையல்கடை முகவரிக்கு எழுதியிருக்கிறார். நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. போனால் போனதுதான் அம்மா. இவர் கதவைப் பூட்டமாட்டார். ஆனால் திரும்பி வந்து நுழைகிற மாதிரி ஒரு கதவு அங்கே இருக்காது.

வேண்டாம் என்றுதான் எழுதப்போகிறேன். கையிலேயே எழுதியிருக்கிறதே.

போன் வந்துவிட்டது.

உன் பாப்பா

*

கடவுள் துணை
பிப்ரவரி 20, வெள்ளி

என் பாப்பாவுக்கு,

உன் கடிதம் பதினெட்டாம் தேதி வந்தது. அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். "யாரு எழுதினது? படி" என்றார். அவருக்குப் படித்துக் காட்டினேன். முதல் வரி மட்டும்தான் உன்னுடையது, மீதி நான் இட்டுக்கட்டியது. நீ புதுத் திரைச்சீலை வாங்கியிருக்கிறாய், மாமனாருக்குச் சளி குறைந்துவிட்டது. தெரிந்துவைத்துக்கொள், போனில் கேட்டாலும் கேட்பார்.

இரண்டு நாளாக உனக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் பாத்திரங்களையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். காலையில் விளக்கு முன்னால் உட்கார்ந்தால் பிரார்த்தனை வரவில்லை. உன் கைதான் வருகிறது.

ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ நினைக்கிற மாதிரி அந்த வரி அந்தப் புத்தகத்தில் கிடையாது. நூலகத்திலிருந்து எனக்குக் கிடைத்த பிரதியில் 304-ஆம் பக்கத்தோடு சரி. மீதி எட்டுப் பக்கம் கிழிந்துபோயிருந்தது. மூன்று நோட்டு எழுதிவிட்டு முடிவில்லாமல் எப்படி விடுவது? மூடாத பாத்திரம் மாதிரி உறுத்தியது. அதனால் கடைசி எட்டுப் பக்கத்தை நானே எழுதிச் சேர்த்துவிட்டேன். படகு போவதும், அவள் விளக்கைத் துடைக்கப் போவதும் அடுப்படியில் உட்கார்ந்து நான் எழுதியது. பெரிய எழுத்தாளர் யாரும் சொன்னது இல்லை.

அதனால் அதற்கு அவ்வளவு மதிப்புக் கொடுக்காதே. யாரோ மெத்தப் படித்தவர் யோசித்துச் சொன்ன வாக்கு என்று நினைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வராதே. வேலை விஷயத்தை நிதானமாக யோசி. இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது.

களிம்பு ஏதாவது தடவுகிறாயா? வெயிலில் காட்டாதே.

உன் அம்மா

*

பிப்ரவரி 26, வியாழன்

என் அம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் போட்ட சத்தத்தில் தையல்காரம்மா ஊசியைக் குத்திக்கொண்டார். "என்னம்மா, லாட்டரியா?" என்றார். "எங்கம்மா கதை எழுதியிருக்காங்க" என்றேன். "அதுக்கா இப்படிக் கத்தினே?" என்று விரலைச் சப்பிக்கொண்டே கேட்டார்.

அம்மா, நீ எழுதினதா அது! இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை? மதிப்புக் கொடுக்காதே என்று எழுதியிருக்கிறாய். எனக்கு நேர்மாறாக ஆகிவிட்டது. யாரோ முகம் தெரியாத எழுத்தாளர் சொன்னது என்றால் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் நான் சந்தேகப்பட்டிருப்பேன். அவருக்கென்ன, எழுதிவிட்டுப் போய்விடுவார். நீ அப்படியா? முப்பத்தொரு வருஷமாக அந்த வீட்டில் இருந்து காட்டியவள் நீ. உனக்கும் ஒரு படகு போயிருக்க வேண்டும். என்ன படகு என்று நான் கேட்கமாட்டேன். நீ அழாமல் எழுந்து வேலையைப் பார்க்கப் போனாய், அதனால்தான் நான் இன்றைக்கு ஒரு ஆளாக நிற்கிறேன். உன்னால் முடிந்தது என்னால் முடியாதா?

அதனால் முடிவு செய்துவிட்டேன். பெரிய மேடத்துக்கு வேண்டாம் என்று கடிதம் எழுதி உறையிலும் போட்டுவிட்டேன். தையல்காரம்மாவின் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஒட்டக்கூட ஒட்டிவிட்டேன். பத்தாம் தேதி தபாலில் போட்டால் போதும், அதற்குள் போட மனம் வரவில்லை. ஏன் என்று கேட்காதே.

தையல்காரம்மாவுக்கு மட்டும் விஷயம் தெரியும். நேற்று அளவு எடுக்கிற சாக்கில் சட்டையைச் சுருட்டிவிட்டுக் கையைப் பார்த்தார். "அம்மா எழுதினதுங்கறே. அப்ப அம்மாகிட்டயே கேளு, அந்தப் பொம்பளை விளக்கைத் துடைச்சு முடிச்சதுக்கப்புறம் என்ன பண்ணினா?" என்றார். "அதோட கதை முடிஞ்சுதுக்கா" என்றேன். "கதை முடியும். அவளுக்கு மறுநாள் விடியாதா?" என்றார். அவருக்கு எப்போதும் வாய் அதிகம்.

இவர் என் கையைப் போட்டோ எடுத்து அவருடைய ஆபீஸ் ஆட்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை மேலதிகாரி குடும்பத்தோடு வந்திருந்தார். காபி டம்ளரை நீட்டினேன், "அந்தக் கையால குடும்மா, சார் பாக்கட்டும்" என்றார் இவர். கொடுத்தேன். மேலதிகாரியின் மனைவி கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துவிட்டு, "எவ்வளவு பக்குவம் இந்த வயசுல" என்றார். பிறகு கழுவுகிற தொட்டியில் கையை வைத்துக் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். அத்தை, "தண்ணி வீணாகுது" என்றார். மூடிவிட்டேன்.

தொட்டிக்கு மேலிருக்கிற ஜன்னலில் நின்றால் எதிர்ச்சுவர் தெரியும். அதில் மூன்று செங்கல் பெயர்ந்திருக்கிறது. உன்னை மாதிரியே எனக்கும் எண்ணுகிற பழக்கம் வந்துவிட்டது பார்.

நீ பெருமைப்படு அம்மா. நான் அழவில்லை.

உன் பாப்பா

*

கடவுள் துணை
மார்ச் 4, புதன், காலை ஒன்பது மணி

என் பாப்பாவுக்கு,

இதை ஒரே மூச்சில் படி. நடுவில் போன் வந்தால் அடிக்கட்டும்.

போன கடிதத்தில் நான் உன்னிடம் பொய் சொன்னேன். அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கம்கூடக் கிழியவில்லை. 312 பக்கமும் இருந்தன. எட்டுப் பக்கத்தையும் நான் படித்தேன். படித்துவிட்டுத்தான் மாற்றினேன்.

அந்தக் கதையில் அவள் படகில் ஏறிவிடுகிறாள் பாப்பா. 305-ஆம் பக்கத்திலேயே ஏறிவிடுகிறாள். மீதி ஏழு பக்கமும் அவள் போவதுதான். அழகாக ஒன்றும் போகவில்லை. அலையில் அவளுக்குக் குமட்டுகிறது, படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுக்கிறாள். பக்கத்தில் கோழிக்கூடையோடு உட்கார்ந்திருக்கிற ஒருத்தி, "முதல் தடவையா? கரையைப் பாக்காதே, என் மூஞ்சியைப் பாரு" என்கிறாள். கரையில் இறங்கினால் அவளுக்காக யாரும் வந்து நிற்கவில்லை. மழை பெய்திருக்கிறது. தங்க இடம் எங்கே கிடைக்கும் என்று ஒரு கடையில் கேட்கிறாள், கடைக்காரன் தப்பான தெருவைக் காட்டிவிடுகிறான், அவள் திரும்பி வந்து மறுபடி கேட்கிறாள். அங்கேதான் கதை முடிகிறது. கையில் குத்திக்கொள்கிற மாதிரி ஒரு வரி கிடையாது. எனக்கு இவ்வளவும் எப்படி ஞாபகம் இருக்கிறது என்று கேட்பாய். இருபத்து நான்கு வருடமாக வேறு எதை ஞாபகம் வைத்திருந்தேன்?

ஏன் மாற்றினேன் என்பதையும் சொல்கிறேன். அப்பா எப்போதாவது நோட்டைப் புரட்டிப் பார்ப்பார், கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பார், அதனால் பயந்து மாற்றினேன் என்று எனக்கு நானே சொல்லிவைத்திருந்தேன். அதுவும் முழு உண்மை இல்லை.

அந்தக் கடைசிப் பக்கங்களைப் படித்த மறுநாள், ஒரு வியாழக்கிழமை, உன் இரண்டு சட்டை, என் இரண்டு புடவை, ஒரு துண்டு, இவ்வளவையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு உன்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். உனக்கு நான்கு வயது. தூண் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தோம். பத்து இருபதுக்கு உட்கார்ந்தோம், ஒரு மணிக்கு எழுந்தோம். இரண்டு மணி நாற்பது நிமிடம். மூன்று பஸ் வந்தது. மூன்றிலும் இடம் இருந்தது. கண்டக்டர்கூடக் கேட்டார், "ஏம்மா, ஏறலையா?" என்று. அடுத்த பஸ் என்றேன். நீ தண்ணீர் கேட்டாய். குழந்தைக்குத் தாகம் என்று சொல்லிக்கொண்டு உன்னைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் குழாய் இருந்தது பாப்பா. பெஞ்சிலிருந்து பத்தடி.

அப்பா சாப்பிட வருவதற்குள் துணிகளை மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன். மத்தியானம் நோட்டைத் திறந்து மீதியை எழுத உட்கார்ந்தால், அவள் படகில் ஏறுகிற இடத்தை என்னால் எழுத முடியவில்லை. கை ஓடவில்லை. நான் திரும்பி வந்திருக்கிறேன், அவள் மட்டும் எப்படிப் போகலாம்? அதனால் அவளையும் துறையிலிருந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து விளக்குக்கு முன்னால் நிறுத்தினேன். எட்டுப் பக்கத்திலும் நல்ல வார்த்தையாகப் பொறுக்கிப் போட்டேன். பொறுமை, கடமை, வெளிச்சம். எழுதி முடித்தபோது எனக்கே அழுகை வந்தது, அவ்வளவு நன்றாக இருந்தது. நான் திரும்பி வந்தது பயத்தால் இல்லை, ஏதோ பெரிய குணத்தால் என்று அன்றைக்கு முடிவு செய்துகொண்டேன். ஆண்டவனும் அப்படித்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னது நான்தான்.

தினம் அவர் முன்னால் உட்கார்ந்து அன்றைய தப்பையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்பிக்கிறவள், இதை ஒருநாளும் ஒப்பித்ததில்லை. நேற்று ஒப்பித்தேன். அதற்குப் பிறகுதான் உனக்கு எழுதப் பேனா எடுத்தேன்.

நீ என்னைப் பெருமைப்படச் சொல்கிறாய். உன் கடிதத்தில் அந்தக் காபி டம்ளர் இடத்தைப் படித்தபோது என் வலது கை மரத்துப்போனது. அந்தக் கையால குடும்மா என்று மாப்பிள்ளை சொன்னது உன் கையைப் பார்த்து இல்லை, என் கையைப் பார்த்துத்தான். இருபத்து நான்கு வருடத்துக்கு முன்னால் நான் என்னை அடைத்துக்கொள்ளக் கட்டிய அறைக்குள் நீ குடிவந்து உட்கார்ந்திருக்கிறாய். அதுவும் என் கையெழுத்திலேயே பேர் போட்டுக்கொண்டு.

உன் அப்பா கெட்டவர் இல்லை. மாப்பிள்ளையும் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டமே. கெட்டவர்களாக இருந்தால் பக்கத்து வீட்டுக்காரர்களே பையைத் தூக்கிக்கொண்டு வந்து பஸ் ஏற்றிவிடுவார்கள். இவர்கள் நல்லவர்கள், அதனால் நாமேதான் நம் பையைத் தூக்கியாக வேண்டும்.

நீ போ என்று நான் சொல்ல ஆசைப்படுகிறேன். ஆனால் சொல்லமாட்டேன். ஒரு தடவை ஒரு வரி எழுதிக்கொடுத்து உன்னைக் கட்டிப்போட்டது போதும், இன்னொரு வரியை எழுதி உன் இன்னொரு கையில் மாட்டமாட்டேன். தையல்காரம்மா கேட்ட கேள்விக்கு மட்டும் எனக்குப் பதில் தெரியும். மறுநாள் விடிந்தது. விளக்கில் மறுபடி கரி படிந்திருந்தது. மறுபடி துடைத்தாள். அதற்கடுத்த நாளும். அவ்வளவுதான். அதற்குமேல் அந்தக் கதையில் ஒன்றும் நடக்கவில்லை, நான் உள்ளே இருந்து பார்த்துவிட்டேன்.

நான் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதைச் செய்துவிட்டேன். இன்று காலை அப்பாவிடம் பேசினேன். அப்படியே எழுதுகிறேன்.

"பாப்பாவுக்கு வேற ஊர்ல வேலை வந்திருக்கு. அவ போறதா இருந்தா, முதல் பத்து நாள் நான் கூடப் போய் இருக்கப்போறேன்" என்றேன்.

"மாப்பிள்ளை என்ன சொன்னாரு?"

"அவரைக் கேக்கல."

"அவளா கேக்கல, நீயா?"

"ரெண்டு பேரும்தான்."

அப்பா துண்டை எடுத்து உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். "பத்து நாள் நான் என்ன சாப்பிடறது?" என்றார்.

"அடுப்பைப் பத்த வைக்கக் கத்துக்கொடுக்கறேன்."

"எனக்குக் கண்ணு தெரியாதுடி."

"காது கேக்குதில்ல? சொல்லச் சொல்லச் செய்யுங்க."

"ரொம்பப் பேசறே நீ" என்றார். அதன் பிறகு அடுப்படிப் பக்கம் வந்து, எந்தக் குமிழை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார். சம்மதமா கோபமா என்று எனக்கும் தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

உன் கையில் இருப்பதை நினைத்து வருத்தப்படாதே. இருந்துவிட்டுப் போகட்டும். ஆரம்பத்தில் எனக்கு அதை எப்படியாவது அழித்துவிட மாட்டார்களா என்றிருந்தது. இப்போது அப்படி இல்லை. புது ஊரில் யாராவது அதைப் படித்துவிட்டு இது எந்தப் புத்தகத்தில் வருகிறது என்று கேட்டால், எங்கள் அம்மா ஒரு தடவை பயந்தபோது எழுதியது என்று சொல். உள்ளதைச் சொல்வதில் வெட்கம் இல்லை. ஒருவேளை நீ போகாமல் அங்கேயே இருந்துவிட்டாலும், கேட்பவர்களுக்கு இதையே சொல். பக்குவம் என்று யாரும் பாராட்ட மட்டும் விடாதே.

இந்தக் கடிதம் ஏழாம் தேதி உனக்குக் கிடைக்கும். இழுப்பறையில் நீ ஒட்டிவைத்திருக்கிற உறையைப் பத்தாம் தேதிவரை வைத்திருப்பாய் என்று நம்புகிறேன். அதைத் தபாலில் போடப்போகிறாயா, கிழித்துவிட்டு வேறு எழுதப்போகிறாயா என்பதை எனக்கு ஒரு வரியில் எழுது. நான் ரயிலுக்குப் பதிய வேண்டும், அப்பாவுக்கு அடுப்பு சொல்லிக்கொடுக்க வேண்டும். தாமதிக்காமல் பதில் போடு.

உன் அம்மா